சென்னையில் தங்கள் பெட்டையிடம் ஒர்க்கிங் லைன் லாப்ரடார் குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு: ஒரு வருட முன்னேற்பாடு முதல் குட்டி ஒப்படைப்பு வரை

சென்னையில் பெட்டை லாப்ரடார் வைத்திருக்கும் பலர் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். நாய் ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்ததும் நாலு பேருக்கு போன் போட்டு கடுவன் தேடுவது, கிடைத்ததோடு சேர்ப்பது, சினை உறுதியான பிறகு பதிவுப் பேப்பர் பற்றி யோசிப்பது, குட்டிகள் கண் திறந்த பிறகு வாங்க ஆள் தேடுவது. இந்த வரிசையில் போனால் செலவும் கூடும், பதிவும் சிக்கும், குட்டிகளும் பொருந்தாத வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

ஒர்க்கிங் லைன் நாய்க்கு இது இன்னும் பெரிய சிக்கல். வேட்டைப் பறவையைக் காயப்படுத்தாமல் எடுத்து வந்து கையில் கொடுப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வம்சம் அது. காலையில் ஓடவும் நீந்தவும் கூட்டிப்போகும் வீட்டில் அது போல ஒத்துழைக்கும் நாய் கிடைப்பது அரிது. நாள் முழுக்கப் பால்கனியில் கட்டிப்போடும் வீட்டில் அதே நாய் சோபாவைக் கிழிக்கும், குரைத்துத் தீர்க்கும். குட்டி எந்த மாதிரி நாயாக வளரும் என்பதில் பெரும்பகுதி சேர்க்கைக்கு முன்பும், பிறந்த முதல் எட்டு வாரத்திலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

1. முதலில் உங்கள் பெட்டையை எடை போடுங்கள்

ஒர்க்கிங் லைன் லாப்ரடார் கண்காட்சிக்காக வளர்க்கும் ஷோ லைனைவிட ஒல்லியாக, எலும்பு மெலிந்து, கால் சற்று நீண்டு, தலை குறுகி இருக்கும். ஆனால் ஒல்லியான லாப்ரடார் எல்லாம் ஒர்க்கிங் லைன் ஆகிவிடாது. தீனி குறைந்த நாயையும், கலப்பு நாயையும் அந்தப் பெயரில் விற்பது இங்கே சகஜம். பெடிக்ரி எனும் வம்சாவளிச் சான்றில் மூன்று தலைமுறைக்குள் ஃபீல்ட் டிரையல் எனும் வேட்டைத் திறன் போட்டி, கீழ்ப்படிதல் தேர்வு, மோப்பப் பணி என ஏதாவது ஒரு வேலைப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஷோ சாம்பியன் பட்டங்கள் மட்டுமே இருந்தால் அது நல்ல நாயாக இருக்கலாம், ஒர்க்கிங் லைன் என்று சொல்லி விற்க முடியாது.

பேப்பரைவிட முக்கியம் சுபாவம். வேகமும் ஆர்வமும் எளிதில் கண்ணில் படும். அடங்கும் குணத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். வீட்டு ஹாலில் அல்லது மொட்டை மாடியில் நாய்களை எடுத்து வரப் பழக்கும் ஒரு கேன்வாஸ் டம்மியை மூன்று முறை வீசி எடுத்து வரச் சொல்லுங்கள். பிறகு டம்மியை அலமாரியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். நாயிடம் பேசவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். நல்ல நாய் ஒன்றிரண்டு முறை அலமாரியைப் பார்க்கும், உங்களிடம் வந்து முகம் பார்க்கும், ஐந்து பத்து நிமிடத்தில் பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். அரை மணி நேரம் கழித்தும் முனகிக்கொண்டு அலமாரியைச் சுற்றினால், அந்தத் துடிப்பு குட்டிகளுக்கும் போகும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நாயை வேலை நாய்களைப் பழக்கத் தெரிந்தவர் வைத்துக்கொள்ளலாம், குடும்ப வீடுகளுக்காகக் குட்டி எடுக்க வேண்டாம்.

அதே சமயம் இவற்றையும் கவனியுங்கள். டம்மியைக் கையில் கொடுக்கிறதா, எடுத்துக்கொண்டு ஓடுகிறதா? கவ்வும்போது பல் அழுத்துகிறதா? அறிமுகமில்லாதவர் நகம் வெட்டும்போது விறைக்கிறதா? சாப்பாட்டுக் கிண்ணம் அருகே ஆள் வந்தால் உறுமுகிறதா? பட்டாசுச் சத்தத்துக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? சத்தத்துக்குப் பயப்படுவது தவறில்லை. அடுத்த நாள் வரை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால் அந்தப் பெட்டையிடம் குட்டி எடுக்கக் கூடாது. கசப்பாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும்: அன்பான நாய் என்பது மட்டுமே குட்டி எடுக்கப் போதுமான காரணம் ஆகாது.

2. மருத்துவப் பரிசோதனைகள்: ஒன்றையும் விடாதீர்கள்

இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே. மயக்கம் கொடுத்து, சரியான கோணத்தில் படுக்கவைத்து எடுக்க வேண்டும். சும்மா படுக்கவைத்து எடுத்த படத்தை வைத்து யாரும் தரம் சொல்ல முடியாது. நாய்களின் மூட்டைத் தரம் பிரிக்கும் அமெரிக்க ஓ.எஃப்.ஏ. அமைப்பின் முறையில் 24 மாதம் முடிந்த பிறகே இறுதிச் சான்று. நடையில் நொண்டல் இல்லை என்பதால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இளம் லாப்ரடார் வலியை மறைத்துக்கொண்டு ஓடும்.

மரபணுச் சோதனை. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து அனுப்பினால் போதும். லாப்ரடாருக்குக் கட்டாயம் கேட்க வேண்டியவை: இ.ஐ.சி. எனப்படும் ஓட்டத்தில் சரிந்து விழும் நோய், பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் பி.ஆர்.ஏ. - பி.ஆர்.சி.டி., தசை பலவீனமான சி.என்.எம்., மூக்கு வறண்டு வெடிக்கும் எச்.என்.பி.கே., குட்டைக் கால் தரும் எஸ்.டி.2. முழுத் தொகுப்பாகக் கேட்டால் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். ஒரு முறை செய்தால் வாழ்நாளுக்கும் போதும்.

இவற்றில் இ.ஐ.சி. சென்னைக்கு மிக முக்கியம். இந்தக் குறை உள்ள நாய் சாதாரண நடையில் ஒன்றும் காட்டாது. ஐந்து முதல் இருபது நிமிடம் வரை உற்சாகமாகப் பந்து துரத்தியதும் பின்னங்கால்கள் தள்ளாடி விழும், சில சமயம் உயிரே போகும். நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் அதை இன்னும் மோசமாக்கும். வெயில் தாக்கியது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சுறுசுறுப்பான வீடுகளுக்கென்று குட்டி எடுக்கிறவர் இந்த ஒரு சோதனையைத் தவிர்த்தால் செய்யும் வேலைக்கே அர்த்தமில்லை.

மேலே சொன்னவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை மரபணு வந்தால்தான் நோயாகும். ஒரே ஒரு குறை மரபணு கொண்ட நாய்க்கு ‘கேரியர்’ என்று பெயர். கேரியரைச் சோதனையில் தெளிவான நாயோடு சேர்க்கலாம், குட்டிகளுக்கு நோய் வராது. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எனவே நல்ல சுபாவம் கொண்ட கேரியரை ஒதுக்காதீர்கள், ஜோடியை மட்டும் சரியாகப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை. புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பெட்டை, கடுவன் இரண்டுக்கும் பார்க்க வேண்டும். இது கருச்சிதைவு உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும். உண்ணிக் காய்ச்சல் சோதனையைச் சேர்க்கைக்கு முன்பே செய்துவிடுங்கள். உண்ணி பரப்பும் எர்லிகியாவும் பபீசியாவும் சென்னையில் ஆண்டு முழுக்க உண்டு. சினையான பிறகு தெரிந்தால், எர்லிகியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் வயிற்றுக் குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். மருத்துவரும் நீங்களும் இக்கட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு போம்க் எனும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் காட்டியது. அந்த நாய்களுக்குப் பசி அடங்குவது குறைவு, எடை ஏறும். உதவி நாய்களில் இது கூடுதலாக இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. தீனிக்காக வேலை செய்யும் நாய் பழக்க எளிது. அதனால் இதைக் காரணம் காட்டி ஒதுக்க வேண்டாம். ஆனால் குட்டி வாங்குவோரிடம் தீனியை அளந்து போட வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

3. காகிதங்கள்: ஹீட் வருவதற்கு ஆறு மாதம் முன்பே

மாநில விலங்கு நல வாரியப் பதிவு. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017 படி, குட்டி எடுத்து விற்கும் எவரும் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் ஒரே ஒரு பெட்டை என்றாலும் விற்கும் நோக்கம் இருந்தால் விதி பொருந்தும். கட்டணம் 5,000 ரூபாய், விண்ணப்பம் தள்ளுபடியானாலும் திரும்ப வராது. இடத்தைப் பார்வையிட ஆள் வருவார்கள். காற்றோட்டம், தண்ணீர், கழிவு அகற்றல், நோய் கண்ட நாயைத் தனியே வைக்க இடம் இவற்றைப் பார்ப்பார்கள். அடுக்குமாடி ஃபிளாட்டில் இதையெல்லாம் காட்டுவது கடினம்.

அதே விதிகளில் மனதில் வைக்க வேண்டியவை: இரண்டு நாய்களுக்கும் குறைந்தது 18 மாதம், பெட்டைக்கு எட்டு வயதுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது, தடுப்பூசியும், தோலடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் போட்டே கொடுக்க வேண்டும். சேர்க்கைக்கு முன் கால்நடை மருத்துவரின் உடல் தகுதிச் சான்றும் வேண்டும். சட்டம் 18 மாதம் என்றாலும் இரண்டு வயதுக்கு முன் சேர்க்காதீர்கள். மூட்டுச் சான்றும் முதிர்ந்த சுபாவமும் அதற்கு முன் தெரியாது.

மாநகராட்சி உரிமம். உங்கள் பெட்டைக்குச் சென்னை மாநகராட்சியின் வளர்ப்புப் பிராணி உரிமம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, நாயின் படம், உங்கள் படம் ஆகியவற்றைக் கைபேசியில் தயாராக வைத்துக்கொண்டு மாநகராட்சி இணையதளத்தில் ஏறுங்கள். தடுப்பூசி தேதி காலாவதியாகியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

நாய்களின் வம்சாவளியைப் பதியும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவு. அதன் தலைமையகம் சென்னையிலேயே இருப்பதால் நேரில் கேட்டுத் தெளிவது நமக்கு எளிது. அடிக்கடி சிக்கும் இடம் ஒன்று உண்டு: நாயை வாங்கியபோது கையில் கொடுத்த சான்றிதழில் இன்னமும் பழைய உரிமையாளர் பெயரே இருக்கும். உரிமை மாற்றம் முடியாமல் குட்டிகளை உங்கள் பெயரில் பதிய முடியாது. பழைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால் கையெழுத்து வாங்கவே மாதங்கள் ஓடும். இன்றே சான்றிதழை எடுத்து, பெயர், நிறம், மைக்ரோசிப் எண்ணின் 15 இலக்கங்கள் மூன்றையும் சரிபாருங்கள். மருத்துவரிடம் ரீடர் வைத்து நாயின் சிப்பைப் படித்து ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் இப்போது திருத்துவது எளிது. உங்கள் கென்னலுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் அதற்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

4. காலண்டரைப் பாருங்கள்

பெட்டை ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை ஹீட்டுக்கு வரும். எந்த ஹீட்டைப் பயன்படுத்துவது என்பது உங்கள் கையில்.

சென்னையில் மிகப் பொருத்தமானது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரை வரும் ஹீட். அப்போது சேர்த்தால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஈனும். குட்டிகள் உலகத்தைப் பழகும் மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தொடக்கம் என்று அமையும். காலை பத்து மணி வரை வெளியே வைத்திருக்கலாம். கோடை கொளுத்துவதற்குள் புது வீட்டில் பழகிவிடும். போகிப் பண்டிகைக் காலையில் மட்டும் புகை உள்ளே வராமல் அறையை மூடிவையுங்கள். பழைய டயர் எரியும் புகை சில நாள் வயதுக் குட்டிக்கு ஆபத்து.

பிப்ரவரி, மார்ச்சில் வரும் ஹீட்டை விட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் ஈன்று பாலூட்டும் தாய் மூச்சிரைத்தே மெலிந்துபோகும். ஆகஸ்ட், செப்டம்பர் ஹீட் என்றால் குட்டிகள் வடகிழக்குப் பருவமழையில் வளரும். ஈரம், எலி, லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக் காய்ச்சல், மின்வெட்டு, கூடவே தீபாவளி வெடி. இன்வெர்ட்டரும் மாடியில் தனி அறையும் இருந்தால் சமாளிக்கலாம், கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் பகுதி என்றால் வேண்டாம்.

5. கடுவன் தேர்வு

ஹீட் வருவதற்கு மூன்று மாதம் முன்பே இரண்டு கடுவன்களைத் தேர்ந்து வையுங்கள். ஒன்று காய்ச்சலில் படுத்தால் இன்னொன்று வேண்டும். நேரில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெட்டைக்குச் செய்த அதே டம்மிச் சோதனையைக் கடுவனுக்கும் செய்யுங்கள். சாம்பியன் கோப்பைகளைக் காட்டிக்கொண்டே நாயைக் கூண்டை விட்டு வெளியே விடாத இடத்திலிருந்து நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

“பேப்பர் அப்புறம் தர்றேன் சார், முதல்ல கிராஸ் பண்ணிடலாம்” என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். மூட்டுச் சான்று, மரபணு அறிக்கை, கென்னல் கிளப் சான்று, உரிமையாளர் பெயர், சிப் எண் எல்லாவற்றின் நகலும் முதலில் கைக்கு வரவேண்டும். சேர்த்த அன்றே கடுவன் உரிமையாளர் கையெழுத்திட்ட சேர்க்கைச் சான்று வாங்க வேண்டும். குட்டிப் பதிவுக்கு அது இல்லாமல் ஆகாது.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். பணமா, ஒரு குட்டியா? குட்டி என்றால் யார் முதலில் தேர்வு செய்வது? சினை பிடிக்காவிட்டால் அடுத்த ஹீட்டில் இலவசமா? ஒரே ஒரு குட்டி பிறந்தால்? இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதாமல் விட்டால் கடைசியில் மனக்கசப்பில்தான் முடியும்.

‘சில்வர்’, ‘சார்க்கோல்’ என்று அதிக விலைக்கு விற்கும் நிறங்களைத் தேடிப் போக வேண்டாம். லாப்ரடாருக்கு அங்கீகரிக்கப்பட்ட நிறங்கள் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றுதான். ரத்த உறவையும் பாருங்கள். பெற்றோர்-பிள்ளை, உடன்பிறப்பு, ஒரே தகப்பன் வழி உடன்பிறப்புச் சேர்க்கை கூடவே கூடாது. சென்னையில் சில பெயர்பெற்ற கடுவன்களே எல்லாப் பெடிக்ரியிலும் திரும்பத் திரும்ப வரும், ஆகவே ஐந்து தலைமுறை எழுதி ஒப்பிடுங்கள். ‘இம்போர்ட் லைன்’ என்றால் அந்த வெளிநாட்டுக் கிளப் கொடுத்த ஏற்றுமதிச் சான்றைக் கேளுங்கள்.

6. நாள் குறிப்பது

ரத்தக்கசிவு தொடங்கிய நாளை முதல் நாளாகக் குறியுங்கள். ‘பதினோராம் நாள், பதிமூன்றாம் நாள் சேர்’ என்ற வழக்கம் பல பெட்டைகளுக்குப் பொருந்தாது. சினை பிடிக்காமல் போவதற்கும் இந்த நாள் தவறே பெரும்பாலும் காரணம்.

ஐந்தாறாம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கொரு முறை புரொஜெஸ்டிரோன் எனும் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மில்லிக்கு 2 நானோகிராம் வந்தால் நெருங்குகிறது, 5-ஐத் தொட்டால் கருமுட்டை வெளிவரும் நேரம். முட்டை முதிர இன்னும் இரண்டு நாள் ஆகும். எனவே 5 வந்த நாளிலிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சேர்க்கலாம். ஒரு சோதனை ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய், மூன்று நான்கு தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரே லேபில் செய்யுங்கள், லேபுக்கு லேப் அளவு மாறும். அன்றே முடிவு தரும் லேபா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் லேபால் ஒரு முழு ஹீட்டே வீணாகலாம்.

பெட்டையைக் கடுவன் வீட்டுக்குக் கூட்டிப்போவதே வழக்கம். அதிகாலையிலோ இரவிலோ போங்கள். இரண்டும் பூட்டிக்கொண்டால் ஐந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை நிற்கும். இழுத்துப் பிரிக்கக் கூடாது. பெட்டை மறுத்தால் வாயைக் கட்டிப் பிடித்துச் சேர்ப்பது குற்றம், கொடுமையும்கூட. பெரும்பாலும் நாள் தவறு என்பதைத்தான் அந்த மறுப்பு காட்டும்.

சேர்த்த பிறகும் பத்து நாள் கேட்டைப் பூட்டியே வையுங்கள். தெருக் கடுவன் ஒன்று உள்ளே வந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கும், பதிவும் போகும். தெருநாய்களால் பரவும் பிறப்புறுப்புக் கட்டி நோயும் நம் ஊரில் உண்டு.

7. சினைக் காலம்

முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாள், ஒரு நாள் முன்பின். 25 முதல் 30-ஆம் நாளுக்குள் ஸ்கேன், 55-ஆம் நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே. மண்டையோடுகளை எண்ணினால் எத்தனை குட்டி என்று தெரியும். ஈனும் இரவில் ‘முடிந்ததா, இன்னும் உள்ளே இருக்கிறதா’ என்ற கேள்விக்கு அந்த எக்ஸ்ரேதான் பதில்.

முதல் ஐந்து வாரம் தீனியைக் கூட்ட வேண்டாம். பிறகு மெல்லக் கூட்டி, குட்டிகளுக்கான உலர்தீனிக்கு மாற்றுங்கள். பாலும் சோறும் வயிற்றை நிரப்பும், புரதம் போதாது.

சினைக் காலத்தில் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லும் இந்த யோசனை மிக ஆபத்தானது. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் ஏற்பாடு மந்தமாகிவிடும். ஈன்று இரண்டு மூன்று வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று விழும். தாய் நடுங்கும், மூச்சிரைக்கும், கால் விறைத்து நடக்கும், பிறகு வலிப்பு. அந்த நிலையில் குட்டிகளை விலக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உண்ணி மருந்து, குடற்புழு மருந்து எதையும் மருத்துவரிடம் சினை என்று சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

8. ஈனும் நாள்

நாலுக்கு நாலு அடி பெட்டி, உள்சுவரில் தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் சுற்றிலும் ஒரு தடுப்புக் கட்டை. தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவருக்கும் முதுகுக்கும் நடுவே நசுங்காமல் அந்தக் கட்டைதான் காக்கும். பத்து நாள் முன்பே தாயை அதில் தூங்கப் பழக்குங்கள். தரையில் வழுக்காத, துவைக்கக்கூடிய விரிப்பு போடுங்கள். பினாயில் தெளிக்க வேண்டாம்.

58-ஆம் நாளிலிருந்து காலை, மாலை, இரவு ஆசனவாயில் வெப்பநிலை எடுங்கள். 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் ஈனும்.

மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அடையாளங்கள்: வெப்பநிலை இறங்கி 24 மணி நேரம் கடந்தும் வலி வராதது, பலமாக முக்கியும் அரை மணியில் குட்டி வராதது, உள்ளே குட்டி இருக்க இரண்டு மணி நேரம் இடைவெளி, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைத் திரவம். ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடவே கூடாது. குட்டி வழியில் சிக்கியிருந்தால் கருப்பையே கிழியும். வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், வீட்டருகே ஒரு தனியார் மருத்துவமனையிலும் இரவுச் சிசேரியன் ஏற்பாட்டை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கையில் 50,000 ரூபாய் தனியே இருக்கட்டும்.

9. முதல் மூன்று வாரம்

பிறந்த குட்டிக்கு முதல் வாரம் நடுங்கக்கூடத் தெரியாது, சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தாய்க்கோ குளிர்ச்சி வேண்டும். ஏசியை 27, 28-ல் வைத்து, காற்று பெட்டி மேல் படாமல் திருப்பி, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பையோ ஹீட்டிங் பேடோ வையுங்கள். குட்டிகள் விரும்பினால் அங்கே நகரும், சுட்டால் விலகும். எல்லாம் குவியலாகக் கிடந்து கத்தினால் குளிர்கிறது, தனித்தனியே பரந்து கிடந்தால் வெக்கை.

ஒவ்வொன்றின் கழுத்திலும் வேறு வேறு நிறக் கம்பளி நூல் தளர்வாகக் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் சிறிது குறையலாம். பிறகு தினம் ஐந்து முதல் பத்து சதவீதம் ஏறி, பத்து நாள் வாக்கில் இரட்டிப்பாக வேண்டும். சிவப்பு நூல் குட்டி நேற்று 410, இன்று 405 என்றால் பால் நிறைந்த பின் காம்பில் அதை முதலில் விடுங்கள். இரண்டாம் நாளும் இறங்கினால் மருத்துவர்.

மூன்றாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை தினம் ஒரு முறை ஐந்து சிறு பயிற்சிகள்: விரலிடுக்கில் பஞ்சுக் குச்சியால் வருடுவது, தலை மேலாகத் தூக்குவது, தலை கீழாகச் சாய்ப்பது, மல்லாக்கக் கிடத்துவது, ஈரத் துணியில் நிற்க வைப்பது. ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நொடிதான். கூடுதலாகச் செய்தால் பலன் கூடாது, சின்ன உயிருக்கு அழுத்தம்தான் கூடும்.

குடற்புழு நீக்கம் 2, 4, 6, 8-ஆம் வாரங்களில்.

10. மூன்று முதல் எட்டு வாரம்: ஒத்துழைப்பு பழகும் காலம்

எட்டுக் குட்டி இருந்தால் இந்த ஐந்து வாரமும் வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருந்தாக வேண்டும். விடுப்பு கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு குட்டி எடுக்க வேண்டாம்.

தரைகளை மாற்றுங்கள்: மொசைக், சாக்கு, மணல், புல், சத்தமிடும் தகரம். குக்கர் விசில், மிக்ஸி, ஆட்டோ, குப்பை வண்டிப் பாட்டு, கல்யாண மேளம் எல்லாம் முதலில் தூரத்தில், சாப்பிடும் நேரத்தில். ஒரு குட்டி சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம், குறைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

நாலாவது வாரத்திலிருந்து கூழ்த்தட்டு வைக்கும்போதெல்லாம் விசிலை மூன்று முறை சிறிதாக ஊதுங்கள். ஆறாவது வாரத்தில் எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வரும். ‘வா’ என்ற பழக்கத்தின் அடித்தளம் இதுதான்.

ஆறாவது வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியே குறுகிய நடைபாதைக்குக் கொண்டுபோய் முடிச்சிட்ட காலுறையை நாலடி தூரம் வீசுங்கள். எடுத்தால் திரும்ப ஒரே வழி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் வழி. வந்ததும் பிடுங்காதீர்கள். வாயில் வைத்திருக்கும்போதே மார்பைத் தடவிக் கொடுத்து, தீனித்துண்டு ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு முறை போதும், ஆசை மீதமிருக்கும்போதே நிறுத்த வேண்டும். பிடுங்கிய கையைப் பார்த்து ஓடக் கற்ற குட்டியைத் திருத்த மாதங்கள் ஆகும்.

குட்டி உங்கள் உள்ளங்கையில் மோவாயை வைத்தால் தீனி, எடுத்தால் கையும் விலகும். அந்த நிலையில் காது பார்ப்பது, ஒரு நகம் வெட்டுவது. பின்னாளில் மருத்துவரிடம் ஊசிக்கு நாலு பேர் பிடிக்க வேண்டிய தேவை இராது. தினம் சில நிமிடம் மற்றக் குட்டிகளை விட்டுத் தனியே கூண்டில் இருக்கவும், விளையாட்டு முடிந்ததும் மனிதர் மடியருகே சும்மா படுக்கவும் பழக்குங்கள். ஒர்க்கிங் லைன் குட்டிக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை, ஓய்வைத்தான் கற்றுத்தர வேண்டும்.

பார்வோ வைரஸ் தொற்றும் பயம் உள்ளதால் தெருவிலும் கடற்கரையிலும் தரையில் விடாதீர்கள். கூடையில் வைத்துத் தூக்கிப்போய் எலியட்ஸ் கடற்கரையையும் சிக்னலையும் காட்டலாம். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவிவிட்டே குட்டியைத் தொடட்டும்.

11. வீடு தேர்வும் ஒப்படைப்பும்

சேர்க்கைக்கு முன்பே ஆறு வீடுகளாவது பட்டியலில் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவை: காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் நாய்க்குத் தருவது யார்? மழை நாளில் என்ன செய்வீர்கள்? பகலில் எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும்? வாடகை வீடு என்றால் உரிமையாளருக்குத் தெரியுமா? “பையன் ஆசைப்படுறான்” என்பது மட்டுமே பதிலாக வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். குழந்தையின் ஆசை தேர்வு வந்ததும் குறையும், பிறகு பாட்டிதான் சங்கிலியைப் பிடிப்பார்.

குட்டியை வாங்குவோர் நிறம் பார்த்துப் பொறுக்கவிடாதீர்கள். ஏழு வாரம் கூடவே இருந்த நீங்கள்தான் எது எந்த வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும். துடிப்பு மிகுந்தது ஓட்டக்காரர் வீட்டுக்கு, நிதானமானது பள்ளிக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு. டோக்கன் வாங்கும்போதே ‘குட்டியை நாங்கள்தான் பொருத்துவோம்’ என்று எழுதி வாங்குங்கள்.

முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் வருவதால் அது வாங்குபவர் பொறுப்பு, தேதியை எழுதிக் கொடுங்கள். மைக்ரோசிப் போட்டு, ஒவ்வொரு எண்ணையும் நூல் நிறத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கென்னல் கிளப் குட்டிப் பதிவைத் தள்ளிப்போட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

ஒப்படைக்கும் கோப்பில்: தடுப்பூசி அட்டை, சிப் எண், தாய்தந்தை மூட்டு, மரபணு அறிக்கை நகல்கள், பதிவு விண்ணப்ப ரசீது, தீனி அட்டவணை, பத்து நாளுக்கான அதே தீனி, விற்பனை ரசீது, ஒப்பந்தம். எந்த வயதில் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் நாய் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம். அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்காமல் மிச்சமாகும் குட்டிக்கு ஆறு மாதம் தாண்டினால், கருத்தடை செய்த பிறகே செல்லப்பிராணியாக விற்கலாம் என்கிறது 2017 விதி. பதிவு பெற்ற வேறு வளர்ப்பாளருக்குக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு.

12. பிறகு

மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், ஆறாம் மாதம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள். இரண்டு வயதில் எல்லாக் குட்டிகளுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, முடிந்தால் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எட்டில் மூன்று மோசமாக வந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது. தாயின் மூட்டு நன்றாக இருந்தாலும்கூட.

எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை இறந்தது, யாரிடம் போனது என்ற ஆண்டறிக்கையை மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். எடை எழுதிய அதே நோட்டில் வாங்கியவர் பெயர், சிப் எண், ஒப்படைத்த தேதியையும் அன்றன்றே எழுதிவந்தால் அறிக்கைக்குத் தேவையானதெல்லாம் அதிலேயே கிடைக்கும்.